வாசகர் கேள்வி-பதில்: ஏரியும் லாரியும் ஒரே கணக்கில்

நகரத்தின் நீர், நிலம், வீடு, சாலை ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைந்த ஒரே அமைப்பாகக் கொண்டு, கணினியில் அதற்கு ஒரு மாதிரி அமைத்து, அதன் துணையோடு நீடித்து நிற்கும் நகர நிர்வாகத்தை நடத்த முடியுமா என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் சென்னையின் வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றியவை என்பதால் பதில்களும் அதிகமாக அங்கேயே நிற்கின்றன.

கேள்வி: வடிகாலுக்கு ஒரு வல்லுநர், சாலைக்கு ஒரு வல்லுநர், குடிநீருக்கு ஒரு வல்லுநர் என்று இருக்கும்போது, நகரம் முழுவதையும் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்?
(தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

ஒவ்வொருவரும் தம் அளவில் நியாயமாகச் செய்யும் காரியங்கள் ஒன்றுசேர்ந்து, ஒருவரும் விரும்பாத விளைவைத் தருவதால்தான். சென்னையின் தாழ்வான தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை பழுதானால் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சில முறை அப்படிப் போட்டதும் வீட்டு வாசல் தெருமட்டத்துக்குக் கீழே போய்விடும். அடுத்த பெருமழையில் தண்ணீர் கூடத்துக்குள் வரும். வசதியுள்ளவர் ஆட்களை வரவழைத்து, சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, வீட்டையே சில அடி உயர்த்திக்கொள்கிறார். இன்னொருவர் இடித்துவிட்டு, மனையில் மண் கொட்டி மேடாக்கி, அடுக்குமாடி கட்டுகிறார். அதுவரை அந்த மனைகளில் தேங்கிய நீர் இப்போது பக்கத்து மனைகளைத் தேடிப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் ஜாக்கி வைப்பதைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார். இந்த ஓட்டத்தின் கடைசியில், உயர்த்த வழியில்லாதவரின் வீட்டிலும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரின் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது.

இந்தத் தெருவில் யாரைக் குற்றம் சொல்வது? சாலைப் பொறியாளருக்கு வீட்டு வாசல்களின் மட்டம் தம் பொறுப்பு அல்ல. வீட்டுக்காரருக்கு அடுத்த மனையின் நீர் தம் பொறுப்பு அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் இந்த நோய் கண்ணுக்கே தெரியாது. 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர், அறிவியல் எதிர்கொள்ளும் வினாக்களை மூவகையாகப் பிரித்தார். இரண்டு மூன்று காரணிகள் மட்டுமே உள்ளவை ஒரு வகை. எண்ணிலடங்காத துகள்கள் இருந்தும் சராசரியைக் கொண்டே விளக்கிவிடக்கூடியவை மற்றொரு வகை. கணிசமான எண்ணிக்கையிலான காரணிகள் ஒன்றையொன்று பாதித்தபடி ஒழுங்காகப் பின்னிக் கிடப்பவை மூன்றாவது வகை. நகரம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது என்றும், திட்டமிடுவோர் அதை முதல் இரண்டு வகைகளாகவே நடத்திக் கெடுக்கிறார்கள் என்றும், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வாதிட்டார்.

நம் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக முடிவெடுக்கும் ஓர் அலகாகக் கணினியில் வைத்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யார் உயர்த்துகிறார்கள், நீர் யாரிடம் போகிறது என்று இருபது ஆண்டுகளுக்கு ஓடவிட்டுப் பார்க்கலாம். பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிய தார் போட வேண்டும் என்ற ஒரே ஒரு விதியைச் சேர்த்து மீண்டும் ஓடவிட்டால், எத்தனை குடும்பங்கள் ஜாக்கிச் செலவிலிருந்து தப்பிக்கும் என்பதும் தெரியும். மாதிரி அமைப்பது என்பதன் சாரம் இதுதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் புதிதாகக் கட்டியும் தண்ணீர் தேங்குகிறது. கணினி மாதிரி எங்களுக்கு எந்த வகையில் உதவும்?
(வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் தெருவில் நிற்கும் நீர் உங்கள் தெருவில் பெய்த மழை மட்டும் அல்ல. செம்பாக்கம் ஏரி நிரம்பி நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பிறகு நாராயணபுரத்துக்கும் வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. இதுபோல ஏறத்தாழ முப்பது ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்தை நோக்கியே வருகிறது. அங்கிருந்து வெளியேற இருக்கும் முக்கிய வழி ஒக்கியம் மடுவு என்னும் நீர்க்கால். மடுவு பக்கிங்காம் கால்வாயில் கலக்க, கால்வாய் முட்டுக்காடு வரை சென்று கடலில் சேர்கிறது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் இந்தப் பாதை முழுவதும் மந்தமாகிவிடும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரவியிருந்ததாகக் கணிக்கப்படும் சதுப்பு நிலமோ குப்பைக் கிடங்காலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கி, இன்று அதன் சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது. 2022-இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இழந்த கொள்ளளவை எந்தத் தகுதியும் திருப்பித் தராது.

இந்த ஒரே நீர்ப்பாதையில் ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சதுப்பு நிலம் வனத் துறையிடமும், மேல்பகுதித் தெருக்களின் வடிகால்கள் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியிடமும், கீழ்ப்பகுதி வடிகால்கள் சென்னை மாநகராட்சியிடமும், பெரிய கட்டடங்களுக்கான அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமாகிய சி.எம்.டி.ஏ.விடமும் இருக்கின்றன. மேல்பகுதியில் வடிகால்களை அகலப்படுத்தினால் அங்குள்ளவர்களுக்கு நிம்மதி. ஆனால் வெளியேறும் வாய் அப்படியே இருக்கும்போது, முன்பு பல மணி நேரம் பிரிந்து வந்த நீர் இப்போது ஒரே நேரத்தில் வந்து சேரும். வடிகாலின் தரத்தில் குறையே இல்லாவிட்டாலும் வேளச்சேரியில் நீர்மட்டம் உயரக்கூடும் என்பது இதனால்தான்.

2019-இல் சென்னைக்கென்று அறிமுகப்படுத்தப்பட்ட சி-ஃப்ளோஸ் என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு, வானிலை முன்கணிப்பையும் ஆறுகளின் ஓட்டத்தையும் கடல் ஓதத்தையும் இணைத்து எந்தப் பகுதி எவ்வளவு மூழ்கலாம் என்று கணிக்கிறது. அது நல்ல தொடக்கம். எனினும் அது மழைக்கு முந்தைய நாள்களுக்கான கருவி. இதே மாதிரியை அன்றாட நிர்வாகத்துக்கும் திருப்ப வேண்டும்: ஒரு வடிகாலுக்கு ஒப்பந்தம் கோருமுன், ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி தருமுன், அதைக் கணினியில் சேர்த்து ஓட்டி, கீழ்ப்பகுதியில் நீர்மட்டம் எத்தனை அங்குலம் மாறும் என்பதை அந்தக் கோப்பிலேயே எழுத வேண்டும். நீங்கள் மாநகராட்சிக்கு மனு எழுதும்போது வடிகாலைத் தூர்வாரச் சொல்வதோடு நிறுத்தாமல், இந்தக் கணக்கையும் கேளுங்கள்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை இன்னும் சில கட்டிவிட்டால் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும். இதற்கு மாதிரி எதற்கு?
(மேற்கு மாம்பலத்திலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்)

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையை வைத்தே இதற்கு ஒரு சிறந்த மாதிரி செய்யப்பட்டிருக்கிறது. மீஞ்சூர் ஆலை 2010-இலும் முதல் நெம்மேலி ஆலை 2013-இலும் இயங்கத் தொடங்கின; ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, இந்த ஆலைகள் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகியிருக்கும். ஆகவே ஆலைகளே வேண்டாம் என்பது என் கருத்து அன்று.

ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வீணா சீனிவாசன், ஸ்டீவன் கோரலிக், லாரன்ஸ் கோல்டர் ஆகியோர் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, கேள்வியையே வேறு விதமாகக் கேட்கக் கற்றுத் தருகிறது. குடிநீர் வாரியத்தின் கணக்கில் ஏரியும் குழாயும் மட்டுமே இருக்கும். இவர்களின் மாதிரியிலோ ஏரிகளின் இருப்பு, வாரியத்தின் விநியோகம், நிலத்தடி நீர்மட்டம், தனியார் தண்ணீர் லாரிச் சந்தை, பல வகைக் குடும்பங்கள் ஆகிய எல்லாம் ஒரே கணக்கில் வந்தன. ஒரு குடும்பம் எப்படி நடந்துகொள்ளும்? குழாயில் வரும்வரை குழாய்நீர். அது போதாவிட்டால் மோட்டார் போட்டுக் கிணற்று நீர். கிணறும் வற்றினால் வேறு வழியின்றி லாரி நீர். 2003-04 வறட்சியில் குழாய் விநியோகம் பெருமளவு நின்றபோது நகரம் பிழைத்தது வீட்டுக் கிணறுகளாலும் ஆழ்துளைக் குழாய்களாலும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அவற்றின் மீது சாய்ந்ததால் நீர்மட்டம் இறங்கி, கிணறுகள் வற்றி, லாரிகளுக்கான தேவை திடீரென்று பெருகியது. லாரிகள் நீரெடுத்ததோ புறநகர்க் கிராமங்களின் பாசனக் கிணறுகளிலிருந்து.

இந்தச் சங்கிலியைப் பார்த்த பிறகு, எந்த அரசு ஏட்டிலும் ஓர் இருப்பாக எழுதப்படாத நிலத்தடி நீரே வறட்சிக் காலத்தில் நகரத்தின் உண்மையான சேமிப்பு என்பது விளங்கும். கடல்நீர் ஆலை, நீர்க் கட்டணத்தை உயர்த்திச் சிக்கனத்தை வளர்ப்பது, கூரைநீரை நிலத்துக்குள் செலுத்தும் மழைநீர் சேகரிப்பு ஆகிய மூன்று கொள்கைகளையும் இவர்கள் ஒப்பிட்டார்கள். தனியே எடுத்தால் மூன்றில் எதுவும் சிறந்த தீர்வு ஆகவில்லை. மழைநீர் சேகரிப்பும் சிக்கனமும் சேர்ந்த கொள்கையே சென்னைக்கு மிகவும் ஏற்றது என்பது அவர்களின் முடிவு. ஆலையின் செலவு மழை நன்றாகப் பெய்து ஏரிகள் நிரம்பிய ஆண்டிலும் தொடரும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று முழுத்திறனில் நாளொன்றுக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் யூனிட் வரை கேட்கும். நிலத்துக்குள் இறங்கிய மழைநீரை அடுத்த கோடைவரை வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை.

இதை வைத்துத்தான் 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதை மிகத் தொலைநோக்குள்ள செயலாக நான் கருதுகிறேன். இன்று பல வீடுகளில் அந்தக் குழிகள் சருகும் மண்ணும் அடைத்துக் கிடப்பது மனத்தை வருத்துகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் குழி விரைவாக உறிஞ்சும். களிமண் மிகுந்த இடங்களில் அதே அளவுக் குழி நிரம்பி வழியும். எல்லாத் தெருவுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுப்பது போதாது. மண்ணைத் தெரிந்துகொண்ட மாதிரி ஒன்று இருந்தால், எந்த வட்டத்தில் எவ்வளவு ஆழக் குழி, எங்கே பொதுக் குளம் என்று சொல்லிவிடலாம்.

வெள்ளமும் பஞ்சமும் வெவ்வேறு பிரச்சினைகள் என்று எண்ணிவிட வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரி கோடைக்கான குடிநீர் இருப்பு. அடையாற்றுக்கு வெள்ளக் காப்பும் அதுவே. அக்டோபரில் நிரப்பி வைத்தால் டிசம்பர் மழைக்கு இடமில்லை. காலியாக வைத்து மழை பொய்த்தால் மே மாதத்தில் குடிநீர் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட நிகழ்வை மதகைத் திறந்த நேரத்தின் பிழையாக மட்டும் பேசுவது முழுமையாகாது. நகரத்துக்கு வேறு சேமிப்பு போதுமான அளவு இருந்திருந்தால், ஏரியை முன்கூட்டியே இறக்கும் துணிவு பொறியாளர்களுக்கு வந்திருக்கும். உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்துக்கும் சைதாப்பேட்டையில் ஆறு கரை புரள்வதற்கும் உள்ள இந்தத் தொடர்பை ஏரி, கிணறு, ஆறு மூன்றும் உள்ள கணக்குத்தான் காட்டும்.

கேள்வி: கணினி சொன்னது என்பதற்காக அரசு முடிவெடுப்பது ஆபத்து அல்லவா? இத்தகைய மாதிரிகள் தவறியதே இல்லையா?
(திருச்சியிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

தவறியிருக்கின்றன; அந்த வரலாற்றை மறைத்துவிட்டு மாதிரிகளுக்காக வாதாடக் கூடாது. 1969-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர், பாஸ்டனின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, நகரத்தின் வேலை, வீடு, மக்கள் ஆகியவற்றை, ஒன்றின் விளைவு திரும்பி வந்து அதையே பாதிக்கும் பின்னூட்டச் சுழல்களாக அமைத்தார். ஏழைகளுக்கு மலிவு வீடுகளை அதிகமாகக் கட்டுவது, வேலைவாய்ப்புக்கான நிலத்தை விழுங்கி, நாளடைவில் அந்த ஏழைகளையே பாதிக்கும் என்று அவரது மாதிரி சொன்னது. நல்ல நோக்கமுள்ள திட்டம் எதிர்விளைவைத் தரலாம் என்ற அவரது எச்சரிக்கை இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் அவரது நகரத்துக்குப் புறநகரே இல்லை. சுற்றியுள்ள உலகம் எல்லையற்ற, மாறாத ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் மாதிரியில் ஏழைகள் நகரத்தை விட்டுப் போனால் அது நகரத்தின் வெற்றியாகவே தெரியும். அவர்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. சென்னையின் நீர் மாதிரியில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களை விட்டுவிட்டால் நமக்கும் இதுவே நேரும். லாரி நீர் எங்கிருந்தோ தீராமல் வந்துகொண்டே இருப்பதாகக் கணினி நம்பும்.

நியூயார்க்கின் கதை இன்னும் வேதனையானது. 1969-இல் அந்நகரமும் ராண்ட் என்னும் கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வு மையத்தை அமைத்தன. எந்தத் தீயணைப்பு நிலையம் தேவை, எது தேவையில்லை என்பதை, வண்டி சம்பவ இடத்தைச் சேரும் நேரத்தை முக்கிய அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டார்கள். நிலையங்கள் நெருக்கமாக இருந்த இடங்களில் சிலவற்றை மூடினாலும் சேரும் நேரம் அதிகம் மாறாது என்றது கணக்கு. நிலையங்கள் நெருக்கமாக இருந்ததோ, தீ விபத்துகள் மிகுந்த ஏழைப் பகுதிகளில்! 1970-களில் பிராங்ஸ் போன்ற பகுதிகளில் நிலையங்கள் மூடப்பட்டதையும், அதே ஆண்டுகளில் அங்கே தெருத்தெருவாக வீடுகள் எரிந்ததையும் பின்னாளில் ஆய்வாளர்கள் இணைத்துக் காட்டிக் கடுமையாக விமர்சித்தார்கள். எதை அளப்பது என்று முடிவு செய்தவர்கள் அந்தத் தெருக்களில் வாழவில்லை.

எனவே வழக்கறிஞராகிய தாங்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் மூன்று என்று நினைக்கிறேன். மாதிரியின் எல்லை எங்கே வரையப்பட்டது? எந்த அளவுகோலை வைத்து நன்மை தீமை கணக்கிடப்பட்டது? அதன் அனுமானங்களைப் பொதுமக்கள் படித்து மறுக்க வழி உண்டா? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆற்றங்கரைக் குடும்பங்களை இடம்பெயர்த்ததை வெள்ளக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஆபத்து குறைந்ததாகத் தெரியும். வேலைக்குப் போகும் தூரத்தையும் பேருந்துச் செலவையும் பிள்ளைகளின் பள்ளியையும், புதிய இடமே சதுப்பு நிலத்தை ஒட்டியிருப்பதையும் சேர்த்தால் விடை மாறிவிடும்.

கேள்வி: மேம்பாலங்கள் கட்டக் கட்ட நெரிசல் கூடுவது ஏன்?
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

சாலை வசதியாகும்போது, இதுவரை பயணத்தைத் தவிர்த்தவர்களும் பேருந்தில் போனவர்களும் வாகனத்தை எடுக்கிறார்கள். தொலைவில் மனை வாங்குவதும் கூடுகிறது. அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்த ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் ஆகிய பொருளியலாளர்கள், நெடுஞ்சாலையின் நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகனப் பயணமும் கூடுகிறது என்று 2011-இல் காட்டினார்கள். ஸ்டாக்ஹோம் நகரம் 2006-இல் மறுபக்கத்திலிருந்து தொடங்கியது. நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்து ஏழு மாதம் சோதனை நடத்தியது. எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொடக்கத்தில் எதிர்த்த மக்கள், சோதனையை அனுபவித்த பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக வாக்களித்தார்கள். 2007-இல் கட்டணம் நிரந்தரமானது. சோதனை காலத்தில் பேருந்துகளையும் கூட்டினார்கள் என்பதைக் கோவையில் இதைப் பேசுவோர் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: இப்படியொரு மாதிரியை யார் பொறுப்பில் வைப்பது? எங்களைப் போன்ற குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இதில் ஏதேனும் வேலை உண்டா?
(மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சங்கச் செயலாளர்)

சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஏரிச் சங்கிலிகளில் பலவும் லாரிகள் நீரெடுக்கும் கிராமங்களில் பலவும் இதனால் ஒரே திட்ட எல்லைக்குள் வந்திருக்கின்றன. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தை வகுப்பதும் சி.எம்.டி.ஏ.தான். எனவே மாதிரியைப் பராமரிக்கும் பொறுப்பு அங்கே இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் மாநகராட்சிகளும் தங்கள் தரவைத் தவணை தவறாமல் தர வேண்டும் என்பது சட்டப்படியான கடமையாக்கப்பட வேண்டும். இல்லையெனில் மாதிரி ஓராண்டில் பழசாகிவிடும்.

தங்கள் சங்கத்துக்கு நிச்சயம் வேலை உண்டு. மாதிரிக்கு மிகவும் தேவைப்படுவதும் அரசிடம் குறைவாக இருப்பதும் தெருமட்டத் தகவல்கள்தான். உறுப்பினர்களின் திறந்த கிணறுகளில் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரிலும் நிலையான குறி ஒன்று இடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுமுன், எடை கட்டிய நாடாவை இறக்கி, அந்தக் குறியிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். குடியிருப்புக்கு அந்த மாதம் வந்த லாரிகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே குறியுங்கள். மழைநீர் தேங்கினால் அது ஏறிய உயரத்தைச் சுவரில் தேதியோடு வரையுங்கள். சாலை போடும்போது பழைய தார் சுரண்டப்பட்டதா என்பதையும் புதிய சாலைக்கும் வாசல்படிக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் படத்துடன் சேர்த்து வையுங்கள். மனை விலை குறைந்துவிடுமே என்று அஞ்சி எந்த அளவையும் மறைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பதிவேட்டைத் திறந்துவிட்டால், இந்த ஆண்டே கோடைக்கும் மழைக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் கையில் இருக்கும். அந்தப் பக்கங்களின் நகலை வட்டக் கூட்டத்தில் பொறியாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.